வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள்: நோட்டை நம்பாதீர்கள், உடம்பைப் பாருங்கள்

படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனிக்க ஏஜென்சி மூலம் ஆள் வைக்கப் போகிறீர்களா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களை ஏமாற்றிய ஏஜென்சியின் பெயரை இங்கே போடவில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை. இதே பாணியில் தொழில் நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும், புத்தி மட்டும் கூர்மை. ஏஜென்சிக்காரர் பேசும்போது மூன்று விஷயங்களைச் சொன்னார். வருகிறவர் பயிற்சி பெற்றவர், வாரம் ஒருமுறை செவிலியர் நேரில் வந்து அப்பாவைப் பார்ப்பார், என்னென்ன செய்தார்கள் என்பது தினமும் நோட்டில் ஏறும். இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் மாதப் பணம். அது போக முன்பணம்.

வந்தவன் நல்ல பையன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுத்தமாக இருப்பான், எனக்கு ‘அக்கா’, அப்பாவுக்கு ‘ஐயா’. வேலை நேரத்தில் போனை நோண்ட மாட்டான். வீட்டில் எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டது. சிக்கலே அங்கேதான். ஆள் தங்கமானவர் என்று தெரிந்துவிட்டால் வேலை தெரிந்தவரா என்று யாரும் பார்ப்பதில்லை. ஏஜென்சியிலிருந்து போன் செய்து “எத்தனை ஸ்டார் கொடுப்பீங்க மேடம்?” என்று கேட்பார்கள். கேட்பது என்னிடம், அப்பாவிடம் இல்லை. அம்மாவைக் கேட்டாலும் அஞ்சு என்றுதான் சொல்லியிருப்பார்.

ஒரு மதியம் எதற்கோ அந்த நோட்டைப் புரட்டினேன். மணி இரண்டுகூட ஆகவில்லை. நோட்டில் மாலை ஆறு மணி வரை எழுதியிருந்தது. ‘2 மணி – இடது பக்கம் திருப்பியது. 4 மணி – வலது பக்கம் திருப்பியது. 6 மணி – டயப்பர் மாற்றியது, தோல் நார்மல்.’ எல்லாம் ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதிய கையெழுத்து. முந்தின நாட்களின் பக்கங்களும் அப்படியேதான். தேதி மட்டும்தான் வேறு.

“தம்பி, இன்னும் நாலு மணியே ஆகலையே?” என்றேன்.

“காலியா இருந்தா ஆபீஸ்ல சத்தம் போடுவாங்கக்கா. மதியமே போட்டோ எடுத்து அனுப்பணும்” என்றான். மறைக்கவெல்லாம் இல்லை. அதுதான் வேலை என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அன்றைக்கே அப்பாவின் கால் போர்வையை விலக்கிப் பார்த்தேன். இடது குதிகாலில் நாணயம் அளவுக்குக் கருஞ்சிவப்பாக ஒரு வட்டம். கட்டை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு நொடி வெளுத்துவிட்டுப் பழைய நிறம் திரும்ப வேண்டும். வெளுக்கவே இல்லை. படுக்கைப் புண்ணின் முதல் நிலை அதுதான், தோல் இன்னும் கிழிந்திருக்காது. மாநிறம், கறுப்பு நிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்தோ ஊதா நிறமாகவோ இருக்கும். தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ தட்டுப்படும். அழுத்தினால் வலிக்கும். வெளுக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், தடவியும் பாருங்கள்.

குதிகால் கண்ணில் பட்டது, சரி. முதுகின் அடியில், இடுப்பும் புட்டமும் சேரும் எலும்பு இருக்கிறதே, அங்கே தோல் ஏற்கெனவே உரிந்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. குளிப்பாட்டுவது, துடைப்பது, டயப்பர் மாற்றுவது எல்லாமே கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிற காரியம். நான் மகள், அப்பாவுக்குக் கூச்சம். அம்மாவுக்குக் குனிய முடியாது. புண் முதலில் வருகிற இடங்களில் குதிகாலைத் தவிரப் பெரும்பாலானவை துணிக்குள் இருப்பவை. மோசமான பராமரிப்புக்கு இந்தக் கூச்சத்தைப் போலப் பாதுகாப்பான மறைவிடம் வேறு கிடையாது. அதனால்தான் வாரத்துக்கொருமுறை செவிலியர் வருவதை முக்கியமாக நினைத்துப் பணம் கட்டினோம். செவிலியர் வந்தார், வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ரத்த அழுத்தம் பார்த்தார், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார், நோட்டில் கையெழுத்துப் போட்டார். அப்பாவைத் திருப்பிப் போட்டு முதுகைப் பார்க்கவே இல்லை.

பிறகு நாங்களாக வேறொரு செவிலியரை அழைத்துவந்தோம். வந்ததும் போர்வையைத்தான் எடுத்தார். பிரேடன் அளவுகோல் என்று ஒன்று வைத்து மதிப்பெண் போட்டார். பிரேடன், பெர்க்ஸ்ட்ராம் என்ற இரண்டு செவிலியர்கள் உருவாக்கியது, 1987-இல் வெளியானது. உணர்ச்சி, ஈரம், நடமாட்டம், படுக்கையில் தானாகப் புரளும் திறன், உணவு, உராய்வு என்று ஆறு விஷயங்கள். மொத்தம் 23. பதினெட்டும் அதற்குக் கீழும் போனால் புண் வர வாய்ப்பு இருக்கிறது, குறையக் குறைய ஆபத்து கூடும். போட்டு முடிக்கச் சில நிமிடம்தான். ஏஜென்சி எங்களிடம் வாங்கிய முதல் நாள் படிவத்தில் அப்பாவின் பொழுதுபோக்கு என்ன என்று ஒரு கேள்வி இருந்தது. புண் வர வாய்ப்பு எவ்வளவு என்று எதுவும் இல்லை.

அந்தச் செவிலியர் வாயையும் திறக்கச் சொன்னார். டார்ச் அடித்தால், இடது கன்னத்துக்குள் காலையில் சாப்பிட்டது உருண்டையாக ஒதுங்கியிருந்தது. முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்தவருக்கு அந்தப் பக்கம் சாப்பாடு தங்குவது தெரியாது. வாயை அழுக்காக்குவதோடு போகாது, மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரைக்கும் போகும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கன்னத்துக்குள் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்ட வேண்டும், முடிந்ததும் அரை மணி நேரமாவது அப்படியே உட்காரவைக்க வேண்டும். ஊட்டும்போது இருமினாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஊட்டி முடித்ததும் தலையணையை உருவிப் படுக்கவைத்துவிடுவான். நோட்டில் ‘உணவு – முழுவதும் எடுத்துக்கொண்டார்’.

தோளும் வலித்துக்கொண்டுதான் இருந்தது. சட்டை போடும்போது அப்பா கத்துவார். வியாதியின் வலி என்று ஏஜென்சி சொன்னது. பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டு, செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கிறார்கள், கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குகிறார்கள் என்றார். பக்கவாதம் வந்த தோளைப் பிடித்து நிறுத்தத் தசையில் பலம் இருக்காது, இழுத்தால் மூட்டு நழுவிவிடும்.

இதிலிருந்து எனக்கு ஒரு நல்ல கேள்வி கிடைத்தது. ஆள் எடுக்கும்போது சான்றிதழைப் பார்க்கிறீர்களோ இல்லையோ, இதைக் கேளுங்கள்: “ஒரு கை வராதவருக்குச் சட்டை போட்டால் எந்தக் கையை முதலில் நுழைப்பீர்கள்?” வராத கையை முதலில், கழற்றும்போது அதைக் கடைசியில். செய்து பழகியவர் யோசிக்காமல் சொல்வார், பெரும்பாலும் கையாலேயே நடித்தும் காட்டிவிடுவார். அடுத்து, “குதிகால் சிவந்திருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். எண்ணெய் போட்டுத் தேய்ப்பேன் என்றால் வேண்டாம். சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. வளையம் மாதிரி நடுவில் ஓட்டை வைத்த மெத்தை வாங்கச் சொன்னாலும் வேண்டாம், அது சுற்றியுள்ள இடத்துக்கு வரும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுவேன் என்று சொல்பவர் விஷயம் தெரிந்தவர்.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது டயப்பர்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது சிறுநீர் வருகிறது என்று அப்பா சொல்லிவிடுவார். யூரின் பாட்டில் பிடித்தால் போதும். ஏஜென்சிதான் “டயப்பர் போட்டுட்டா உங்களுக்கும் நிம்மதி மேடம்” என்றது. கூப்பிட்டால் “அதிலேயே போங்க ஐயா” என்று பதில் வரும். கொஞ்ச நாளில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். கட்ஸ் என்ற மருத்துவரின் குழு 1963-இல் வெளியிட்ட பட்டியல் ஒன்று இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து இடம் மாறுவது, மலசலத்தைக் கட்டுப்படுத்துவது, தானே சாப்பிடுவது. இந்த ஆறில் எதை அவரே செய்ய முடிகிறது என்று முதல் நாளே குறித்துவைத்துக்கொண்டு, மாதம் கழித்து ஒப்பிட்டுப் பாருங்கள். வியாதி முற்றாமலே ஒன்று குறைந்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பது கேட்க நன்றாக இருக்கும். அப்பா விஷயத்தில் அதற்கு அர்த்தம், அவரால் முடிந்த ஒன்றை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது.

அப்புறம் பணப் பஞ்சாயத்து. ஒப்பந்தத்தை நிறுத்துகிறோம், முன்பணத்தைக் கொடுங்கள் என்றோம். ஆளை மாற்றித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றதும், சேவை முறையாக நடந்ததற்கு ஆதாரம் இருக்கிறது என்று நோட்டுப் பக்கங்களின் போட்டோவை வாட்ஸ்அப்பில் வரிசையாக அனுப்பினார்கள். அந்த ஆதாரத்தில் ஒரு பக்கம், காய்ச்சலுக்காக அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த நாளுடையது. அன்றைக்கும் எங்கள் வீட்டில் அவரைக் குளிப்பாட்டி, இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் போட்டிருக்கிறார்கள். செவிலியர் கையெழுத்தும் இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டியதிலிருந்து போனை எடுப்பதில்லை. அந்தப் பக்கமும் டிஸ்சார்ஜ் சம்மரியும்தான் எங்கள் புகாரின் முதல் இரண்டு இணைப்புகள்.

பையனை நான் குறை சொல்ல மாட்டேன். சட்டை எப்படிப் போடுவது என்று யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டேன். இரண்டு நாள் பயிற்சி என்றார்கள், அதில் பாதி நேரம் நோட்டு எப்படி நிரப்புவது என்பதுதான் என்றான். நாங்கள் கட்டிய தொகையில் அவனுக்குப் போனது பாதிகூட இல்லை.

கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு: ஒப்பந்தத்தில் ‘மேற்பார்வை’ என்று ஒற்றைச் சொல் இருந்தால் அடித்துவிட்டு, செவிலியர் வரும் ஒவ்வொரு முறையும் முதுகு, இடுப்பு, குதிகால், வாய் நான்கையும் பார்த்து எழுத வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். ‘குறையிருந்தால் மாற்று ஆள் வழங்கப்படும்’ என்ற வரி எங்கள் ஒப்பந்தத்திலும் இருந்தது. முன்பணத்தைத் தராமல் இருக்க அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். குறை நிரூபணமானால் பணம் திரும்ப வேண்டும் என்று அதன் பக்கத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஆள் வருவதற்கு முந்தின நாளே, படுக்கையில் இருப்பவர் சம்மதித்தால், அவருடைய குதிகாலையும் முதுகையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். எங்களிடம் அந்தப் படங்கள் இல்லாததால், வரும்போதே புண் இருந்தது என்று இப்போது அவர்கள் சொல்கிறார்கள்.