எச்ஏவா, என்ஏவா? ஃப்ளூ வைரஸில் எதைக் குறிவைப்பது?

எச்1என்1, எச்3என்2 என்று ஃப்ளூ வைரஸ்களுக்குப் பெயர் வைக்கிறார்களே, அந்த எச், என் இரண்டுமே வைரஸின் மேற்பரப்பில் துருத்திக்கொண்டு நிற்கும் புரதங்கள். ஹீமாக்ளூட்டினின் (எச்ஏ), நியூராமினிடேஸ் (என்ஏ). நம் செல்களின் மேல் இருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைதான் இரண்டுக்கும் இலக்கு. எச்ஏ அதைப் பிடிக்கும், என்ஏ அதை வெட்டும். தாக்குவதற்கு எது நல்ல குறி என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் எச்ஏ என்பார்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது.

எண்ணிக்கையில் எச்ஏ பல மடங்கு அதிகம். மூன்று ஒரே மாதிரித் துண்டுகள் சேர்ந்த, சுமார் 13.5 நானோமீட்டர் நீளமுள்ள கம்பு அது. நுனியில் தலை, கீழே தண்டு. தலையில் இருக்கும் குழி சியாலிக் அமிலத்தைப் பிடித்துக்கொள்ள, செல் வைரஸை ஒரு பைக்குள் இழுத்துக்கொள்ளும், அந்தப் பையில் அமிலத்தன்மை ஏறி பிஎச் 5 பக்கம் வந்ததும் தண்டு உருவத்தையே மாற்றி, உள்ளே மறைத்து வைத்திருந்த முனையைச் செல்லின் சவ்வில் குத்தி, இரண்டு சவ்வையும் ஒன்றாக்கிவிடும். இதெல்லாம் நடக்க, நம் உடலின் நொதி ஒன்று முன்பே எச்ஏவை இரண்டாக வெட்டியிருக்க வேண்டும். சாதாரண ஃப்ளூவுக்கு அந்த நொதி பெரும்பாலும் மூச்சுப்பாதையில்தான் கிடைக்கும். கோழிப்பண்ணைகளை அழிக்கும் எச்5 வகைகளிலோ வெட்டுமிடமே மாறியிருக்கிறது, உடல் முழுக்க இருக்கும் ஃப்யூரின் என்ற நொதியே போதும்.

என்ஏ நான்கு துண்டு சேர்ந்தது, மெல்லிய காம்பின் மேல் காளான் மாதிரி. புது வைரஸ்கள் வெளியே வரும்போது அவற்றின் எச்ஏ அதே செல்லின் சர்க்கரையில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். என்ஏ வெட்டிவிடாவிட்டால் கும்பலாக அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

சரி, மருந்துக்கு எது? சந்தேகமே இல்லை, என்ஏ. எச்ஏவின் குழி ஆழமில்லாதது, சர்க்கரையைத் தனித்தனியாகப் பிடிக்கும் பலமும் குறைவு, பல எச்ஏக்கள் சேர்ந்து பிடிப்பதால்தான் ஒட்டுகிறது. என்ஏவின் வெட்டும் குழியோ ஆழமானது, வகைக்கு வகை பெரிதாக மாறாதது. 1983ல் அதன் முப்பரிமாண அமைப்பு வெளியானது, அதைப் பார்த்தே ஆஸ்திரேலியாவில் சனாமிவிர் என்ற மருந்தை வடிவமைத்தார்கள். அதுவும், 2009 பன்றிக்காய்ச்சலில் எல்லோர் வாயிலும் அடிபட்ட டாமிஃப்ளூவும், 1999ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. குறையும் உண்டு: 2009க்குச் சற்று முன்பு உலவிய பருவகால எச்1என்1ல், என்ஏ புரதத்தின் 275ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறி டாமிஃப்ளூ பலிக்காமல் போனது. சனாமிவிர் அப்போதும் வேலை செய்தது.

தடுப்பூசியில் கதை வேறு. எச்ஏ தலையில் நம் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) போய் உட்கார்ந்தால் வைரஸ் செல்லில் ஒட்டவே முடியாது, தொற்றே தடுக்கப்படும். என்ஏ எதிர்ப்பொருள் பரவலைக் குறைக்குமே தவிர நுழைவதைப் பெரும்பாலும் தடுக்காது. அதனால் வழக்கமான ஊசியில் ஒவ்வொரு வகைக்கும் 15 மைக்ரோகிராம் எச்ஏ என்று அளந்து போடுகிறார்கள். என்ஏவுக்கு அப்படி அளவே வைக்கவில்லை. ஆனால் அந்தத் தலைதான் ஓயாமல் மாறுவதும், ஆகவே உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும் எந்த வகைகளைச் சேர்ப்பது என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதிகம் மாறாத தண்டைக் குறிவைக்கலாமே என்று ஆய்வுகள் நடக்கின்றன. யோசனை நல்லதுதான், ஆனால் நம் எதிர்ப்பாற்றலுக்குத் தலைமேல்தான் கண், தண்டைக் கவனிக்க வைப்பது பெரும்பாடு.

எனக்குத் தண்டைவிட என்ஏ மேல்தான் நம்பிக்கை. 1968 ஹாங்காங் ஃப்ளூவில் எச்2 போய் எச்3 வந்தது, என்2 மட்டும் 1957லிருந்து இருந்த அதே வகை. மக்களிடம் அதற்கு ஏற்கெனவே இருந்த எதிர்ப்புதான் அந்தத் தொற்றின் கடுமையைக் குறைத்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எச்ஏ தலையை எடுத்துவிடச் சொல்லவில்லை, அதே ஊசியில் என்ஏவையும் அளந்து போட்டால் என்ன என்பதுதான் என் கேள்வி.