கரடி ஸ்ப்ரேயா, கைத்துப்பாக்கியா?

அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங் மாநில மலைகளில் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் கிரிஸ்லி கரடிக்குப் பயப்படுவது நியாயம்தான். சரி, இடுப்பில் எதை மாட்டுவது: கரடியை விரட்டும் மிளகாய்க் கார ஸ்ப்ரேயா, கைத்துப்பாக்கியா?

விலை: ஸ்ப்ரே சுமார் 50 டாலர், சில ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். துப்பாக்கி பல நூறு டாலர், ஆனால் ஆயுளுக்கும் வரும்.

கையாளுதல்: பாய்ந்து வரும் கரடியைக் குறிபார்த்துச் சுடக் கடும் பயிற்சி வேண்டும். ஸ்ப்ரே மிளகாய்க் காரத்தை மேகம்போல் பரப்பும். அவ்வளவு துல்லியம் தேவையில்லை. ஆனால் எட்டுவது சுமார் 10 மீட்டர்தான். எதிர்க்காற்று அடித்தால் நம் கண்ணிலேயே விழும், கடுங்குளிரில் வீச்சும் குறையும்.

சட்டம்: அங்கே கிரிஸ்லி 1975 முதல் பாதுகாக்கப்பட்ட இனம். சுட்டால் தற்காப்புக்குத்தான் என்று விளக்க வேண்டிவரும்.

பெரும்பாலானவர்களுக்கு ஸ்ப்ரேதான் என்பேன். விடாமல் பயிற்சி எடுப்பவர், காற்று பலமான மேட்டுநிலத்துக்குப் போனால் துப்பாக்கியும் வைத்துக்கொள்ளலாம். மானை அறுக்கும்போது கூட்டாளி ஒருவர் ஸ்ப்ரேயோடு காவல் நிற்கட்டும்.