பொதிகை, டிடி தமிழ்: நாற்பது ஆண்டுப் பார்வையாளனின் அனுபவம்

சென்ற மாதம் இடி இறங்கிய ஓர் இரவில் எங்கள் வீட்டு செட்டாப் பாக்ஸ் கருகிவிட்டது. பழுது பார்க்க வந்தவர் மூடியைத் திறந்ததும் உதட்டைப் பிதுக்கினார். இதற்குச் செலவழிப்பதைவிடப் புதிதாகவே வாங்கிவிடலாம் என்றார். டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் கிடையாது, பெட்டிக்கு ஒருமுறை பணம் கொடுத்தால் போதும். அதனால் யோசிக்காமல் வாங்கிவிட்டேன். புதுப் பெட்டியை மாட்டிச் சேனல்களையெல்லாம் தேடவிட்டு உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு ஆச்சி வந்து, பொதிகை வந்துவிட்டதா என்று கேட்டார்.

வந்துவிட்டது ஆச்சி, இப்போது அதற்கு டிடி தமிழ் என்று பெயர் என்றேன்.

அப்படியானால் அது வேறு அல்லவா என்றார்.

அதே சேனல்தான், பெயரைத்தான் மாற்றியிருக்கிறார்கள் என்று விளக்கினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆனால் அவர் கேட்டது அன்று முழுவதும் எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக நினைத்துவந்தேன். ஆச்சியின் கேள்விதான் எழுத வைத்தது. நிகழ்ச்சிகளைப் பற்றி இங்கே அதிகம் பேசப்போவதில்லை. தூர்தர்ஷனின் அந்தத் தமிழ்ச் சேனலின் சின்னத்தோடும் பெயரோடும் நாற்பது ஆண்டுகள் குடித்தனம் நடத்தியவனின் அனுபவம் இது.

அம்பாசமுத்திரத்துக்காரனான நான் 1983-இல் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனேன். மாம்பலத்தில் வாடகை அறை. வீட்டுக்காரர் கூடத்தில் டயனோரா கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்தது. திரைக்கு முன்னால் இழுத்து மூடும் மரக்கதவு வைத்த பெட்டி. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்கத் தெருவில் பாதிப்பேர் அந்தக் கூடத்தில் இருப்பார்கள். அப்போது அந்தச் சேனலுக்குத் தனிப்பெயர் எதுவும் இல்லை. 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி நிலையம், அவ்வளவுதான். தூர்தர்ஷன் என்று சொன்னவர்கள்கூடக் குறைவு. எங்களுக்கு அது "டிவி". வேறு டிவி இல்லாதபோது பெயருக்கு என்ன அவசியம்?

பெயர் இல்லாவிட்டாலும் அதற்கு ஒரு கண் இருந்தது. என் அனுபவத்தில் முழு மதிப்பெண் வாங்குவது அந்தக் கண்தான்.

நிகழ்ச்சிகள் தொடங்கும் முன் இருண்ட திரையில் இரண்டு வளைவுகள் தோன்றிச் சுழலும். ஒன்றைச் சுற்றி ஒன்று மெல்லத் திரும்பித் திரும்பி, கடைசியில் நடுவில் இருக்கும் வட்டத்தை இரண்டு இமைகளைப் போல அணைத்துக்கொண்டு நிற்கும். பின்னணியில் ஷெனாய் இழையும். மங்கல ஒலி என்றும் சொல்ல முடியாது, சோக ஒலி என்றும் சொல்ல முடியாது. கூடத்தில் பேச்சு தானாக அடங்கும். குழந்தைகள் முன்வரிசைக்கு நகர்வார்கள். வீட்டுக்கார அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வருவார். ஒரு சின்னம் இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

அது எப்படிப் பிறந்தது என்று பின்னாளில் தெரிந்துகொண்டபோது மதிப்பு இன்னும் கூடியது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவராக இருந்த தேவாஷிஷ் பட்டாச்சார்யா வகுப்புப் பயிற்சியாக வரைந்த வடிவம் அது. மாணவர்களும் ஆசிரியர்களும் தந்த 14 வடிவங்களிலிருந்து அதைத் தேர்ந்தெடுத்தவர் இந்திரா காந்தி. அதைச் சுழல வைத்தவர் அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். எல். மிஸ்திரி. கணினியில் படம் நகர்த்தும் வசதி இல்லாத நாட்கள். வரைந்த வடிவத்தின் பிரதிகளைக் கேமராவின் கீழே வைத்து, சிறிது சிறிதாகத் திருப்பிப் படம் பிடித்துத்தான் அந்தச் சுழற்சியை உண்டாக்கினார். இசை பண்டிட் ரவிசங்கரும் ஷெனாய்க் கலைஞர் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும் சேர்ந்து உருவாக்கியது. 1976 ஏப்ரல் 1 அன்று அது முதன்முதலாக ஒலிபரப்பானது. வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் தனி அமைப்பானதும் அதே நாளில்தான்.

இந்தக் கண்ணை நான் எத்தனையோ கோலங்களில் பார்த்திருக்கிறேன். ஆண்டெனா திரும்பிவிட்ட இரவுகளில் புள்ளிமழைக்கு நடுவே பார்த்திருக்கிறேன். 1982 ஆசியப் போட்டிக்குப் பிறகு ஒவ்வொரு வீடாக வண்ணப் பெட்டி வந்தபோது வண்ணத்தில் பார்த்தேன். கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே நிற்கும் ஒளிபரப்பு வண்டியின் மேல் பார்த்தேன், பேரனின் கைபேசியில் நகத்தளவுக்கும் பார்த்துவிட்டேன். எந்த அளவிலும் அது சிதைந்ததில்லை. இரண்டு வளைவும் ஒரு வட்டமும் தெரிந்தால் போதும், அது தூர்தர்ஷன்தான். சின்னத்துக்குக் கீழே வந்த "சத்யம் சிவம் சுந்தரம்" என்ற வாசகத்தை எங்கள் கூடத்தில் முக்கால்வாசிப் பேர் படித்ததே இல்லை. கண்ணுக்கு எழுத்தே வேண்டியிருக்கவில்லை. எந்த மொழிக்காரனும் அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ள முடிந்தது.

2017 ஜூலையில், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி அந்தக் கண்ணை மாற்றப் போவதாக அறிவித்து, புதிய சின்னத்துக்குப் பொதுமக்களிடம் போட்டி வைத்தது. ஒரு லட்சம் ரூபாய் பரிசு. அன்று எனக்கு வந்த கோபத்தை இன்றும் மறக்கவில்லை. இளைஞர்களுக்கு அந்தச் சின்னத்தோடு ஒட்டுறவு இல்லை என்று காரணம் சொன்னார்கள். ஒட்டுறவை உண்டாக்க வேண்டியது நிகழ்ச்சிகள். நிகழ்ச்சியில் இருக்கும் குறைக்குச் சின்னத்தைத் தண்டிப்பது என்ன நியாயம்? நல்லவேளை, கடைசியில் கண் தப்பித்துக்கொண்டது.

இனி பெயருக்கு வருகிறேன். எனக்கு இருக்கும் ஒரே எரிச்சல் அதில்தான்.

தொண்ணூறுகளில் செயற்கைக்கோள் வழியாகத் தமிழ்ச் சேனல் வந்தபோது டிடி 5 என்று ஓர் எண்ணைச் சூட்டினார்கள். யார் மனத்திலும் அது ஒட்டவில்லை. பிறகு ஒருநாள் திரையில் "பொதிகை" என்று வந்தது. சென்னை வீட்டில், ஊரை விட்டு வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலான நிலையில், அந்தப் பெயரைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. எங்கள் ஊர் வீட்டு மாடியில் நின்றால் மேற்கே நீலமாகத் தெரியும் மலைத்தொடர் அது. தாமிரபரணி பிறக்கும் இடம். அகத்தியர் இருந்து தமிழ் வளர்த்ததாகச் சொல்லப்படும் மலை. பொதியில் என்று சங்கப் பாடல்கள் பாடியதும் தென்றலும் சந்தனமும் புறப்படுவதாகப் புலவர்கள் சொன்னதும் இதைத்தான். டெல்லியிலிருந்து நடத்தப்படும் ஓர் அமைப்பு தன் தமிழ்ச் சேனலுக்கு இப்படி ஒரு பெயரைத் தேடி எடுத்திருந்தது. அதில் இருந்த மரியாதையை என்னால் அளந்து சொல்ல முடியாது.

அது தனிப்பெயரும் அல்ல, ஒரு குடும்பத்துப் பெயர். மராத்திச் சேனலுக்கு சஹ்யாத்ரி. குஜராத்திக்கு ஜூனாகட் பக்கத்து கிர்நார். ஆந்திரத்துக்கு ஏழுமலையைச் சொல்லும் சப்தகிரி. தெலங்கானா பிறந்தபோது யாதகிரி. கன்னடத்துக்கு மலைப்பெயர் இல்லாவிட்டாலும் சந்தனா என்று சந்தன மணம். யார் யோசித்தார்களோ, ஒவ்வொரு மொழிக்கும் ஒரு மலையைத் தேடி அதன் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரத்தை நட்டதுபோலப் பெயர் வைத்திருந்தார்கள்.

2024 ஜனவரி 19 அன்று சென்னை நேரு விளையாட்டரங்கில், கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழாவில், பிரதமர் டிடி தமிழைத் தொடங்கிவைத்தார். அன்றோடு பொதிகை என்ற பெயர் திரையிலிருந்து போயிற்று. சஹ்யாத்ரி இருக்கிறது, கிர்நார் இருக்கிறது, சப்தகிரியும் யாதகிரியும் இருக்கின்றன. எங்கள் மலையை மட்டும் இறக்கிவிட்டார்கள்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். புதிய தோற்றம் பளிச்சென்று இருக்கிறது. பழைய பொதிகையின் திரை எனக்கு எப்போதுமே கொஞ்சம் மங்கலாகப் பட்டதுண்டு, இப்போது அந்தக் குறை இல்லை. மும்பையிலோ டெல்லியிலோ இருக்கும் தமிழர் நூற்றுக்கணக்கான சேனல்களுக்கு நடுவே தேடும்போது, தமிழ் என்ற சொல் உடனே கண்ணில் படும். பொதிகை என்றால் என்ன என்று அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கும். டிடி பங்களா, டிடி மலையாளம் என்று மொழிப்பெயரோடு வாழும் சேனல்களும் இருக்கின்றன. வசதி என்று பார்த்தால் மாற்றத்தில் தவறே கிடையாது.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. தமிழில் பேசுகிற எல்லாச் சேனலும் தமிழ்ச் சேனல்தான். டிடி தமிழ் என்ற பெயர் அது எந்த மொழியில் பேசுகிறது என்பதைச் சொல்கிறது, எந்த மண்ணிலிருந்து பேசுகிறது என்பதைச் சொல்லவில்லை. தனியார் நிறுவனங்களைப் பாருங்கள். 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய சன் டிவி முப்பது ஆண்டுகள் கழித்தும் அதே சூரியனோடு இருக்கிறது. விஜய் டிவி கை மாறி 2001-இல் ஸ்டார் குழுமத்துக்குப் போனது. வாங்கியவர்கள் தங்கள் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டார்களே தவிர, விஜய் என்பதைத் தொடவில்லை. மக்கள் வாயில் பழகிய பெயர் மூலதனம் போன்றது என்று வியாபாரிக்குத் தெரிந்திருக்கிறது. பொதுப்பணத்தில் நடக்கும் அமைப்பு கால் நூற்றாண்டாகச் சேர்த்த மூலதனத்தை ஒரே நாளில் விட்டுக்கொடுத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2024 ஏப்ரலில் டிடி நியூஸ் சின்னம் சிவப்பிலிருந்து காவிக்கு மாறியபோது பெரிய சர்ச்சை எழுந்தது. தேர்தல் நேரம் வேறு. அந்த எதிர்ப்பில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் அதில் பாதிகூடப் பொதிகைக்காக எழவில்லையே என்ற வருத்தமும் உண்டு. வண்ணத்தை நாளைக்கே மாற்றிவிடலாம். மலையின் பெயரைக் கேட்டு வளராத ஒரு தலைமுறை வந்துவிட்டால், திரும்பக் கொண்டுவந்தாலும் அது இன்னொரு புதுப்பெயராகத்தான் இருக்கும். எழும்பூரிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் மட்டும் அந்தப் பெயரை இன்னும் தினமும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

ஆச்சி மாதிரி ஒருவர் டிடி தமிழ் பார்க்கலாமா என்று கேட்டால், தயங்காமல் பாருங்கள் என்பேன். பளிச்சென்ற திரை, மாதக் கட்டணம் இல்லை, கண் அப்படியே இருக்கிறது. பெயருக்கு மதிப்பெண் கேட்டால் பூஜ்யம்தான். இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டுப் பூஜ்யம் போடலாமா என்று கேட்பீர்கள். போடுவேன்.

என் பெட்டியில் சேனல் பெயரை நாமே திருத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஆச்சி கேட்ட அன்று இரவே பட்டியலைத் திறந்து, ரிமோட்டில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, டிடி தமிழ் என்று இருந்த இடத்தில் பொதிகை என்று ஆங்கில எழுத்துகளில் பதிந்தேன். தமிழ் எழுத்து அதில் இல்லை. முதல் சேனலாகவும் நகர்த்தி வைத்தேன். மறுநாள் காலையில் ஆச்சியை அழைத்துக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சேனல்களைப் புதிதாகத் தேடவிட்டால் பழையபடி டிடி தமிழ் என்று வந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னார். இதுவரை இரண்டு முறை வந்துவிட்டது. இரண்டு முறையும் மாற்றிவிட்டேன்.