“ஆறு வருடமும் ஆங்கிலத்தில்தான்” என்றார்கள்: ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்க அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

போன வாரம் சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் அனுப்பியிருந்தார். அவர் மகள் இந்த வருடம் நீட் எழுதியிருக்கிறாள். “என்.எம்.சி. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம், ஆறு வருடமும் ஆங்கில வழி, இந்திய மெஸ், எஃப்.எம்.ஜி.இ. கோச்சிங் இலவசம்” என்று போட்டிருந்தது. (என்.எம்.சி. என்பது தேசிய மருத்துவ ஆணையம். எஃப்.எம்.ஜி.இ. என்பது வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே மருத்துவராக எழுதித் தேற வேண்டிய தேர்வு.) கீழே இருந்த போன் நம்பரைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. 2013-இல் என் அப்பா தேடிப்போன அதே நம்பர். நிறுவனத்தின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்து இதை எழுதுகிறேன்.

அப்போது தமிழ்நாட்டில் நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். என் கட் ஆஃப் 193. அரசுக் கல்லூரி எட்டவில்லை. தனியார் கல்லூரியில் கேட்ட தொகையை அப்பாவால் நினைத்தும் பார்க்க முடியாது. திருச்சியில் இருந்த அந்த ஏஜென்சியில் ஆறு வருடத்துக்கும் சேர்த்து 18 லட்சம் என்றார்கள். கிணற்றோடு இருந்த ஒன்றரை ஏக்கரை விற்று முதல் தவணை கட்டினோம். சேருகிற ஊர் மாஸ்கோவுக்குப் பக்கம் என்று சொல்லியிருந்தார்கள். டெல்லி விமான நிலையத்தில் கையில் கொடுத்த தாளில் வேறு ஊர், வேறு பல்கலைக்கழகம். மாஸ்கோவில் இறங்கி ஒன்றரை நாள் ரயிலில் போனோம். பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு ஒரிஜினல்களை அட்டெஸ்டேஷனுக்கு என்று வாங்கியவர்கள் இரண்டாம் வருடம் வரை தரவில்லை. கடைசியில் “கூடுதல் செலவு” என்று 1,20,000 ரூபாய் ரொக்கமாக வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். ரசீது இல்லை.

பணம் போனதைக்கூட ஒரு கட்டத்தில் மறந்துவிடலாம். அவர்கள் செய்த பெரிய மோசடி நான்காம் வருடத்தில்தான் எங்களுக்குப் புரிந்தது.

முதல் மூன்று வருடத்தைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். சொன்னால் அது என் ஆசிரியர்களுக்குச் செய்யும் துரோகம். உடற்கூறியலும் உடலியங்கியலும் ஆங்கிலத்தில்தான் நடத்தினார்கள், நன்றாகவே நடத்தினார்கள். அங்கே தேர்வு பெரும்பாலும் வாய்மொழித் தேர்வு. மேசையில் கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஒன்றை எடுக்க வேண்டும், அதில் உள்ள கேள்விகளுக்கு ஆசிரியர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்தது இரண்டாவது குறுக்குக் கேள்வியில் உதிர்ந்துவிடும். ஒரு வகுப்புக்குப் போகாவிட்டால் “ஒத்ராபோத்கா”, அதாவது அந்தப் பாடத்தைத் தனியாகப் போய் ஒப்பித்தே தீர வேண்டும். காய்ச்சல் என்றாலும் விடமாட்டார்கள். விரலால் மார்பைத் தட்டி இதயத்தின் எல்லையைக் கண்டுபிடிக்க ஒரு வயதான பேராசிரியை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். மாதக்கணக்கில் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிப் பழகினோம். இன்றும் எக்ஸ்ரே வருவதற்குள் நுரையீரலில் நீர் கோத்திருப்பதை என் விரல் சொல்லிவிடும். அது அந்த அம்மா கொடுத்தது.

அப்புறம் நான்காம் வருடம். மருத்துவமனை. வாசலில் காலணிக்கு உறை மாட்டிக்கொண்டு, வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாகப் பன்னிரண்டு பேர் ஒரு படுக்கையைச் சுற்றி நிற்போம். ஆசிரியர் ரஷ்ய மொழியில் கேட்பார், நோயாளி ரஷ்ய மொழியில் பத்து நிமிடம் சொல்வார். எங்கள் பக்கம் திரும்பி ஆசிரியர் இரண்டு வரி ஆங்கிலம் சொல்வார், சில நாள் அதுவும் இல்லை. இரண்டு வருடம் படித்த ரஷ்ய மொழியை வைத்து “எங்கே வலிக்கிறது?” என்று என்னால் கேட்க முடியும். பல் இல்லாத ஒரு பாட்டி அதற்குச் சொல்லும் பதில்தான் புரியாது. நோயாளியின் வரலாற்றை எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். சீனியர்கள் எழுதிய பழைய வரலாற்றில் பெயரையும் வயதையும் மாற்றிக் கொடுத்தோம், எல்லோரும் அதையேதான் செய்தோம்.

டீன் அலுவலகத்தில் போய்க் கேட்டோம். அவர்கள் கோபப்படவில்லை. நாங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார்கள். நான்காம் ஆண்டு முதல் மருத்துவமனை வகுப்புகள் ரஷ்ய மொழியில் நடக்கும் என்று அதில் தெளிவாக இருந்தது. அந்தத் தாள் முழுக்க ரஷ்ய எழுத்து. ஏஜென்சி ஆள் விரல் வைத்த இடத்திலெல்லாம் நாங்கள் கையெழுத்துப் போட்டிருந்தோம். பல்கலைக்கழகம் ஒளிக்கவில்லை, ஏஜென்சிதான் ஒளித்தது.

மொழிதானே, போகப்போகப் பழகிவிடும் என்று அப்போது வீட்டில் சொன்னார்கள். அது என்னை என்ன செய்திருந்தது என்று ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. 2019-இல் படிப்பு முடிந்தது. எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300 கேள்விக்கு 150 எடுக்க வேண்டும். இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை, 2020 டிசம்பரில் தேறினேன். பயிற்சி மருத்துவராக ஓர் அரசு மருத்துவமனையில் சேர்ந்தேன். ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்கு ஒன்பது வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயிற்று வலி, தொண்டையில் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறது என்கிறான். உடம்பில் காயம் எதுவும் இல்லை. வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு வயிற்றுப் புண்ணாக இருக்கும் என்று ஊசி எழுதப்போனேன். பக்கத்தில் நின்ற ஸ்டாஃப் நர்ஸ் அக்கா மெதுவாகச் சொன்னார்: “டாக்டர், பையன் கண்ணைப் பாருங்க. ராத்திரி எங்க படுத்திருந்தான்னு கேளுங்க.” இமை இரண்டும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தான். கட்டுவிரியன். அது கடித்தால் பல் தடம் தெரியாமலே இருக்கும், முதலில் வயிற்று வலிதான் வரும். ஓடிப்போய் மூத்த மருத்துவரை எழுப்பினேன். விஷமுறிவு மருந்து ஏற்றி, மூன்று நாள் செயற்கை சுவாசத்தில் வைத்துப் பிழைக்க வைத்தார்கள்.

கட்டுவிரியனைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. தேர்வுக்காக நாலு தடவை படித்திருக்கிறேன். நான் ரஷ்யாவில் பார்த்தது மாரடைப்பு, நிமோனியா, பனியில் விரல் கருகியவர்கள், உண்ணி கடித்து மூளைக்காய்ச்சல் வந்தவர்கள். பாம்புக்கடியோ, பூச்சிமருந்து குடித்தவரோ, அரளி விதை தின்றவரோ ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. அதைக்கூட ஒரு வருடத்தில் பழகிக்கொள்ளலாம். ஆனால் “ராத்திரி எங்கே படுத்தான்?” என்று கேட்க எனக்குத் தோன்றவில்லையே, அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. இங்கே படித்தவர்கள் மூன்று வருடம் வார்டில் தினமும் நோயாளியிடம் பேசிப் பேசி அந்தக் கேள்வியைப் பழகியிருந்தார்கள். அதே மூன்று வருடம் நான் ஒருவர் முதுகுக்குப் பின்னால் புரியாமல் நின்றிருந்தேன். கேள்வி கேட்கிற பழக்கமே எனக்குள் வளரவில்லை. அந்த அக்கா அன்று டூட்டியில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காத வாரம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சேரும் முன் ஒரு சீனியர் அக்காவிடம் போனில் பேச வைத்தார்கள். “சூப்பரா இருக்கும்மா, வா” என்றார். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன் உண்டு என்பது போன பிறகுதான் தெரிந்தது. நான் மூன்றாம் வருடம் படிக்கும்போது என்னிடமும் கேட்டார்கள். காசு வாங்கவில்லை. ஆனால் என் சர்டிபிகேட் பிரச்சினை மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில் திருவாரூர்ப் பக்கத்து அம்மா ஒருவரிடம் “கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் இங்கிலீஷ்தான்” என்று சொன்னேன். அவர் மகள் 2016-இல் சேர்ந்தாள், இன்னும் எஃப்.எம்.ஜி.இ. எழுதிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பதிவை எழுதும் முன் அந்த அம்மாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். “நீயும் சின்னப் பிள்ளைதானேம்மா அப்போ” என்றார். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை.

இப்போது அனுப்புகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். 2021 நவம்பர் 18-இல் வந்த என்.எம்.சி. விதிமுறைப்படி படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதே பல்கலைக்கழகத்தில் 12 மாதம் இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும், அதன் பிறகு இந்தியாவிலும் 12 மாதம். இவை எல்லாம் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து பத்து வருடத்துக்குள் முடிய வேண்டும். படித்த நாட்டில் அந்நாட்டுக் குடிமக்களைப் போலவே மருத்துவராகப் பதிவு செய்யும் தகுதி இருக்க வேண்டும். படிப்பு ஆங்கில வழியில்தான் இருக்க வேண்டும். ஆக, எங்களுக்கு நடந்தது போல நான்காம் வருடம் மொழி மாறினால் இன்று படிப்பே செல்லாமல் போகலாம். “நாலு வருட எம்.டி.” (சில நாடுகளில் அடிப்படை மருத்துவப் பட்டத்துக்கே அந்தப் பெயர்) என்று விற்கிறார்களே, அது 48 மாதம்தான், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். “என்.எம்.சி. அங்கீகாரம்” என்பதும் பொய். எந்த வெளிநாட்டுக் கல்லூரிக்கும் என்.எம்.சி. அங்கீகாரம் கொடுப்பதில்லை. உலக மருத்துவக் கல்லூரிப் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, இது வேறு.

ஒப்பந்தத்தின் தமிழ் அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் வாங்கி, வேறொருவரிடம் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரிஜினல்களைக் கொடுத்தால் என்னென்ன, எந்தத் தேதியில் என்று எழுதி வாங்குங்கள். ரொக்கம் கொடுக்காதீர்கள். ஏஜென்சி காட்டும் முதல் வருட மாணவரிடம் பேசி ஒன்றும் தெரியாது. நான்காம், ஐந்தாம் வருட மாணவரைப் பிடித்து, “நேற்று எந்த நோயாளியிடம் பேசினாய், என்ன கேட்டாய், எந்த மொழியில் கேட்டாய்?” என்று மட்டும் கேளுங்கள்.

சித்தப்பாவிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் திங்கட்கிழமை அந்த நம்பரைக் கூப்பிட்டு, நான்காம் வருடம் படிக்கும் யாருடைய எண்ணாவது கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். “சாயந்திரம் அனுப்புறோம் சார்” என்றார்களாம். இன்று வெள்ளிக்கிழமை. இன்னும் வரவில்லை.