360 டிகிரி பின்னூட்டச் சேவை: எண்களை மூடிவைத்துச் சொற்களைப் படித்த அனுபவம்

மேலாளர், சக ஊழியர், நமக்குக் கீழே பணிபுரிவோர் என்று எல்லாத் தரப்பினரிடமும் நம்மைப் பற்றிப் பெயர் மறைத்துக் கருத்துக் கேட்டு, அதை நம் சுயமதிப்பீட்டோடு ஒப்பிட்டு ஓர் அறிக்கையாகத் தரும் முறைக்கு 360 டிகிரி பின்னூட்டம் என்று பெயர். அப்படியொரு சேவையைச் சென்ற ஆண்டு எங்கள் அலுவலகம் ஏற்பாடு செய்தது. எட்டுப் பேர் கொண்ட குழுவை நடத்துபவன் என்ற முறையில் நானும் அதற்கு உட்பட்டேன். ‘உட்பட்டேன்’ என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன், ஏனெனில் நான் விரும்பிப் போகவில்லை. இத்தகைய சேவைகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இயங்குவதால், நிறுவனத்தின் பெயரைவிட அது எங்கே கைகொடுத்தது, எங்கே சறுக்கியது என்று சொல்வதே வாசிப்பவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

கேள்வித்தாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐந்து புள்ளி அளவுகோலில் நாற்பது கேள்விகள். கடைசியில், இவர் எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடங்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில். ஒரு தரப்பில் மூன்று பேருக்குக் குறைவாகப் பதில் வந்தால் அந்தத் தரப்பைத் தனியாகக் காட்டாமல் மற்றொன்றோடு சேர்த்துவிடுகிறார்கள். மேலாளருக்கு மட்டும் இந்த மறைப்பு கிடையாது. எனக்குப் பதில் எழுதியவர்கள் பதினொருவர்.

சேவையின் பெருங்குறை, அறிக்கை வந்த நேரம். வெள்ளிக்கிழமை மாலை மின்னஞ்சலில் வந்து விழுந்தது. அதைப் பற்றிப் பேசப் பயிற்றுநருடன் ஏற்பாடாகியிருந்த அமர்வோ அடுத்த செவ்வாய்க்கிழமை. இடைப்பட்ட நாள்களில் என்னோடு இருந்தவை இரண்டு எண்கள்தான். பிறர் சொல்வதைக் கேட்கும் திறனுக்கு எனக்கு நானே கொடுத்துக்கொண்டது 4.5, என் குழுவினர் கொடுத்தது 2.8. ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்கம் ஆகிய இரு உளவியலாளர்கள் 1955இல் வகுத்த ஜோஹாரி சாளரம், நம்மைப் பற்றி நமக்கும் பிறருக்கும் தெரிந்ததையும் தெரியாததையும் நான்கு கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் படம். அதில், பிறருக்குத் தெரிந்தும் நமக்குத் தெரியாத பகுதியைக் குருட்டுப் பகுதி என்பார்கள். அதைப் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் நானே பலமுறை பேசியிருக்கிறேன். பேசியவனுக்கும் அது இருந்தது.

கருத்துரைகளைப் படித்ததும் நான் செய்த முதல் வேலை, திருந்துவது எப்படி என்று யோசித்ததல்ல. எழுதியவர் யாரென்று துப்பறிந்தது. ‘நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவரே முடித்துவிடுகிறார், ஆகையினால் சொல்லாமலே இருந்துவிடுகிறோம்’ என்று ஒரு வரி இருந்தது. எங்கள் குழுவில் ‘ஆகையினால்’ என்று எழுதக்கூடியவர் ஒருவரே என்று முடிவு கட்டி, திங்கள்கிழமை முழுவதும் அவரிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. கருத்துரைகளை எழுதியவாறே அச்சிடும் வரையில் பெயர் மறைப்பு என்பது பாதி மறைப்புதான் என்பதை வாங்குவோர் மனத்தில் கொள்ள வேண்டும். (அந்த ஒரு நாளுக்காக நான் அவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால், என் சந்தேகத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.)

இந்தச் சேவையைப் பரிந்துரைக்கத் துணிகிறேன் என்றால் அதற்கு முதல் அமர்வே காரணம். நான் துப்பறிந்த கதையைக் கேட்ட பயிற்றுநர், “யாரென்று உறுதியாகத் தெரிந்தால் என்ன செய்வதாக இருந்தீர்கள்?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் சொல்லத்தக்க பதில் எதுவும் இல்லை. பிறகு, அதே செய்தி வேறு வேறு சொற்களில் நான்கு இடங்களில் வந்திருப்பதைக் காட்டினார். நான் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்த வேகத்தில் மற்ற மூன்றையும் தாண்டிப் போயிருந்தேன்.

அடுத்து எண்கள் அச்சான பக்கங்களை மூடிவைக்கச் சொன்னார். அது சரியான செயல் என்பதற்கு ஆய்விலும் சான்று உண்டு. ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு பிரிவினருக்குக் கருத்துரை மட்டும், மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும் தரப்பட்டன. கருத்துரை மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். மதிப்பெண்ணோடு சேர்த்துக் கொடுத்தபோது கருத்துரையின் பயன் பெரும்பாலும் காணாமல் போனது. 2.8ஐப் பார்த்த கண்ணுக்கு அதன் கீழே இருந்த வரிகள் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

எஞ்சிய சொற்களை இரண்டாகப் பிரித்தோம். ‘பொறுமையற்றவர்’ என்பது என்னைப் பற்றியது. ‘கால அட்டவணை பற்றிய கூட்டத்தில், நான் இரண்டாவது காரணத்தைத் தொடங்கும்போதே முடிவை அறிவித்துவிட்டார்’ என்பது நான் செய்ததைப் பற்றியது. முதலாவதோடு சண்டை போடத் தோன்றுகிறது. இரண்டாவதைப் படித்தால் அந்தக் கூட்டமும் பேச்சைப் பாதியில் நிறுத்தியவரின் முகமும் நினைவுக்கு வருகின்றன. குளூகர், டெனிசி ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 1996இல், பின்னூட்டத்தின் விளைவு பற்றிய 607 அளவீடுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, பின்னூட்டம் சராசரியில் செயல்திறனை உயர்த்தினாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் அதைக் குறைத்திருந்தது தெரியவந்தது; கவனம் வேலையை விட்டு ‘நான்’ என்பதை நோக்கி நகர நகரப் பயன் குறையும் என்பது அவர்கள் தந்த விளக்கம். இதை அறிந்தும், சேவையின் கேள்வித்தாளில் பாதிக் கேள்விகள் ‘இவர் எத்தகையவர்’ என்றே ஏன் கேட்கின்றன என்பது எனக்கு விளங்கவில்லை.

இரண்டாம் அமர்வில் கிடைத்தது ஒரு வீட்டுப்பாடம்: குழுவிடம் திரும்பிப் போய் நன்றி சொல்லி, எடுத்துக்காட்டு ஒன்று கேட்டு, அதற்கு மேல் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். எளிதாகத் தோன்றும் இந்தப் பாடம்தான் மிகவும் கடினமாக இருந்தது. விளக்கம் தொண்டை வரை வந்து நிற்கும். ‘அன்றைக்கு நேரமில்லை’ என்ற இரண்டு சொற்களை விழுங்குவதற்குள் வியர்த்துவிடும். ஒரு கூட்டத்தில் எத்தனை முறை குறுக்கிடுகிறேன் என்று குறிப்பேட்டில் கோடு போட்டு எண்ணத் தொடங்கினேன். முதல் கூட்டத்தில் ஒன்பது கோடுகள். இரண்டு மாதங்களுக்குப் பிறகு இரண்டோ மூன்றோ. எல்லாக் கருத்தையும் ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். முடிவுகளை விரைவாக எடுக்க வேண்டும் என்று இருவரும், நிதானமாக எடுக்க வேண்டும் என்று ஒருவரும் எழுதியிருந்தார்கள். மூவருக்கும் காது கொடுக்கலாம், மூவருக்கும் கீழ்ப்படிய முடியாது. மூன்றாம் அமர்வு வீண். யாருக்கும் பொருந்தக்கூடிய ஒரு திட்டப்படிவத்தை நிரப்பியதோடு முடிந்தது.

ஆறு மாதங்களுக்குப் பின் நடந்த சிறு மறுமதிப்பீட்டில் குழுவின் எண் 3.4 ஆகியிருந்தது. சொற்களுக்கு முன் அந்த எண்ணைத்தான் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஊதிய உயர்வோடு இணைக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். எழுதுபவர்கள் உண்மையை எழுதமாட்டார்கள், படிப்பவர் தற்காப்பில்தான் படிப்பார். பயிற்றுநர் அமர்வு இல்லாமல் அறிக்கை மட்டும் தரும் மலிவான திட்டத்தையும் தவிர்த்துவிடுங்கள். எண்களைக் காட்டாமல் கருத்துரைகளை மட்டும் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அறிக்கையை அமர்வுக்கு நான்கு நாள் முன்னதாக அனுப்புவது தவறு என்று அந்த நிறுவனத்துக்கே எழுதினேன். நான்கு பத்திகளில் பதில் வந்தது, நான்கும் விளக்கம். எனினும் எங்கள் அலுவலகத்தில் அடுத்த சுற்றில் கலந்துகொண்டவர்களுக்கு அறிக்கை அமர்வு நடந்த அன்று காலையில்தான் கைக்கு வந்தது.