பலகையில் ‘சீவோ’, தட்டில் மாட்டுக்கறி: பிர்ரியா டாக்கோ சாப்பிடுவோர் கவனத்துக்கு

லாஸ் ஏஞ்சல்ஸின் கிழக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மலிவு விலை டாக்கேரியா, அதாவது டாக்கோ கடை. பலகையில் ‘பிர்ரியா தே சீவோ’ என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள். பிர்ரியா என்றால் மிளகாய் மசாலாவில் மெதுவாக வேகவைத்த மெக்சிகோ கறி. சீவோ என்றால் வெள்ளாடு. தட்டில் வந்ததோ மாட்டுக்கறி. கேட்டால் முதலில் ‘சீவோதான்’ என்றார்கள். எலும்புள்ள துண்டு ஒன்றைக் காட்டச் சொன்னதும், இன்றைக்கு ‘ரெஸ்’, அதாவது மாடு மட்டும்தான் என்று பேச்சு மாறியது. பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். மாட்டுக்கறி தொடாதவர்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

பிர்ரியாவின் சொந்த ஊரான மெக்சிகோவின் ஹாலிஸ்கோ மாநிலத்தில் வெள்ளாட்டுக்கறிதான் மரபு. சீஸ் வைத்துச் சுடும் பிர்ரியா டாக்கோவான கேசாபிர்ரியா, மெக்சிகோவின் எல்லை நகரமான திஹுவானாவின் பாணி. அது ஏறக்குறைய எப்போதும் மாடுதான். ஆட்டில் எலும்பு அதிகம், கறி குறைவாகவே தேறும், விலையும் கூடுதல். அதனால் ஆடு என்று சொல்லி மாட்டின் விலைக்கே கேசாபிர்ரியா தந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. மாட்டின் தோள்பட்டைக் கறி வெந்தால் நீளமான, தடித்த நாராகப் பிரியும். ஆட்டுக்கறி சிறு துண்டாக உடையும். மெல்லிய விலாவோ சிறிய மூட்டெலும்போ கூடவே வரும். ஆட்டுக்கொழுப்பு ஆறியதும் வெள்ளையாக உறைந்து உதட்டில் ஒட்டும். மிளகாய் மசாலா வாசனையை மட்டும் நம்பாதீர்கள், கிராம்பும் சீரகமும் எல்லாவற்றையும் மூடிவிடும். பணம் கொடுக்கும் முன் ‘எஸ் சீவோ ஓ ரெஸ்?’, ஆடா மாடா, என்று கேளுங்கள். கூடவே ‘கோன் ஊவெசோ’, எலும்போடு, என்று சொல்லுங்கள். ஆடு உண்மையிலேயே இருக்கும் கடை தயங்காமல் எடுத்துப் போடும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. டாக்கோவுக்கான டோர்ட்டியா ரொட்டியைச் சட்டியின் மேலே மிதக்கும் சிவப்புக் கொழுப்பில் தோய்த்துத்தான் கல்லில் போடுவார்கள். கோழியோ உருளைக்கிழங்கோ கேட்டாலும் அதே கல், பெரும்பாலும் அதே கொழுப்பு. மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு இருப்பதும் சகஜம். தோய்க்காத டோர்ட்டியாவை வேறு கல்லில் சுடச் சொல்லலாம். சின்னக் கடையில் ஒரே கல்தான் இருக்கும், அங்கே அது நடக்காது.

அந்தக் கடையின் கொன்சோமேயும், அதாவது டாக்கோவோடு தரும் கறிச்சாறும், போலி. குவாஹியோ, ஆஞ்சோ வற்றல் மிளகாய்களை வறுத்து ஊறவைத்து அரைத்து வடிகட்டி, எலும்போடு கறியை 3 முதல் 4 மணி நேரம் மெல்லிய தீயில் வேகவைத்தால் சாறு தானே கெட்டிப்படும். எலும்பையும் சவ்வையும் சேர்ந்த கொலாஜன் என்ற புரதம் ஜெலட்டினாகக் கரைவதுதான் காரணம். அங்கே தந்தது வெந்நீரில் கரைத்த சூப் பொடி, மேலே சாயம் ஏறிய எண்ணெய். உப்புதான் முன்னால் வந்தது, நாக்கில் கனமே இல்லை. மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்து இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்துப் பாருங்கள்: நல்ல சாறு ஜெல்லியாக உறையும், பொடித் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். நிறையத் தண்ணீர் விட்டு நீட்டிய சாறும் உறையாதுதான், ஆனால் அதுவும் ஏமாற்றுத்தானே. கசந்தால் மிளகாய் கருகியிருக்கிறது. நறநறத்தால் தோலை வடிகட்டவில்லை. வெதுவெதுப்பாக வந்தால் குடிக்காதீர்கள். சூடாக வைத்திருக்கும் உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது.

பில்லையும் பார்க்க வேண்டும். ‘3 டாக்கோ, கொன்சோமே’ என்று பலகையில் ஒரே விலை. பில்லில் கொன்சோமேக்குத் தனிக்காசு, கேட்காமல் வைத்த சீஸுக்குத் தனிக்காசு, அதற்கும் கீழே பலகையில் எங்கும் இல்லாத சேவைக் கட்டணம். கலிஃபோர்னியாவில் உணவகம் இப்படிக் கட்டணம் வாங்கலாம், ஆனால் விலைப்பட்டியலில் தெளிவாகத் தெரியும்படி எழுதியிருக்க வேண்டும். எழுதாததை நீக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

உணவைப் பற்றித் தவறான தகவல் தந்து விற்பது அந்த மாநிலச் சட்டப்படி குற்றம். பலகையையும் தட்டையும் பில்லையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கறியில் ஒரு துண்டைத் தனியாக எடுத்து வையுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் பொதுச் சுகாதாரத் துறையிடம் இணையத்திலோ தொலைபேசியிலோ புகார் தரலாம். கடையின் பெயர், முகவரி, சாப்பிட்ட தேதி, நேரம் நான்கும் அதில் இருக்கட்டும்.