வொரிகோனசோல் மாத்திரை: எலும்பில் இறங்கிய பூஞ்சைக்கு எப்படி?

நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு, அதிலும் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல முடியாத பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை நுரையீரலிலிருந்து விலா எலும்பு, முதுகெலும்பு வரை இறங்கும். அதற்குப் பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது வொரிகோனசோல். நல்ல மருந்துதான். ஆனால் விழுங்கிவிட்டுச் சும்மா இருக்க முடியாத மருந்து.

மியூக்கர் வகைப் பூஞ்சையிடம் இது எடுபடாது. அதனால் எலும்புத் துண்டு எடுத்துச் சோதிப்பது முக்கியம். துண்டு முழுவதையும் ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போட்டுவிட்டால் பூஞ்சையை வளர்த்துப் பார்க்க வழியில்லை. ஒரு பகுதியை உப்புநீரில் அனுப்பச் சொல்லி முன்பே கேட்டுவையுங்கள்.

40 கிலோவுக்கு மேல் உள்ள பெரியவருக்கு வழக்கமான அளவு முதல் நாள் 400 மி.கி. இருவேளை, பிறகு 200 மி.கி. இருவேளை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ போட வேண்டும். காப்பிக்கடைப் பரோட்டாவோடு சேர்த்துப் போட்டால் ரத்தத்தில் சேர்வது குறையும். இதைச் சிதைக்கும் கல்லீரல் நொதி ஆசியர்களில் 15 முதல் 20 சதவீதத்தினருக்கு மந்தம்; ஒருவருக்குப் போதாத அளவு இன்னொருவருக்கு நஞ்சாகலாம். ஆகவே ஐந்தாம் நாள் வாக்கில் ரத்த அளவு பார்ப்பது கட்டாயம்: லிட்டருக்கு 1 முதல் 5.5 மி.கி. வரை இருக்கலாம். அன்று காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகே போடுங்கள். முதலில் போட்டுவிட்டுப் போனால் அந்த எண்ணை நம்ப முடியாது.

பலதுறை மருந்தகத்தில் கொழுப்புக்குத் தந்த சிம்வாஸ்டாட்டின் இதோடு சேரவே கூடாது. டாக்ரோலிமஸ் (எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து) எடுப்பவர்களுக்கு அதன் அளவை மூன்றில் ஒரு பங்காகக் குறைப்பார்கள். வொரிகோனசோல் எடுக்கும்போது சிங்கப்பூர் வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், நாள்பட்டால் தோல் புற்றுநோய் அபாயமும் உண்டு. முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன் இரண்டும் வேண்டும்.

சிகிச்சை குறைந்தது 8 வாரம், பலருக்கு 6 மாதத்துக்கும் மேல். பெரிய குழப்பம் அப்போதுதான் வரும். இந்த மருந்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று ஃபுளோரின் அணுக்கள் உண்டு. மாதக்கணக்கில் எடுத்தால் ஃபுளோரைடு சேர்ந்து, எலும்பின் மேலுறை வீங்கி, விலா, கை, காறை எலும்பு என்று பல இடங்களில் வலிக்கும். பூஞ்சை திரும்பிவிட்டது என்று பயந்து அளவைக் கூட்டினால் வலியும் கூடும். பழைய புண்ணுக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் வலி, ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் (எலும்பிலும் கல்லீரலிலும் உள்ள நொதி) ஏற்றம் இரண்டும் சேர்ந்தால் ஃபுளோரைடு அளவையும் எக்ஸ்ரேயையும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். மருந்துதான் காரணம் என்றால், நிறுத்திய சில நாட்களிலோ வாரங்களிலோ வலி தணியும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; போசகோனசோல் என்ற வேறொரு பூஞ்சை மருந்துக்கு மாற்றலாமா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும்.